ஆழம் அறிந்து கால் வை

பின்வரும் பகுதியை வாசித்து, தொடர்ந்து வரும் கேள்விகளுக்கு விடை காண்க.

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த மறுவாரம் அது. 1990களின் பிற்பகுதி. எங்கள் வீடு கலும்பாங்கில் இருந்தது. சிலாங்கூர் மாநிலத்தின் வட எல்லையை ஒட்டிய சிற்றூர் அது. சற்று வடக்கே போனால் பெர்ணம் ஆறு. ஆற்றைத் தாண்டினால் பேராக் மாநிலத்தின் தஞ்சோங் மாலிம். ஊரைச் சுற்றி ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போகும் பெற்றோரை வழியனுப்ப வாசலுக்கு வரும்போதெல்லாம் அந்த மலைதான் முதலில் கண்ணில் படும். ஆனால், பதினேழு வயது வரை நாங்கள் ஒரு நாளும் அதில் ஏறியதில்லை.

“சிலிங் அருவிக்குப் போவோமா?” என்று நண்பன் ஒருவன் கேட்டதும், நாங்கள் ஐவரும் உடனே ஒப்புக்கொண்டோம். வீட்டில் அனுமதி பெறுவதுதான் எளிதாக இல்லை. அவனுடைய தாய்மாமா உடன் வருவதாகச் சொன்ன பிறகே பெற்றோர் இசைந்தனர். மாமா முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. அன்றைய வருமானம் போய்விடும். ஆகவே, வானத்தைப் பார்த்து மழையைக் கணிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு.

மலையை நோக்கி

காலை ஏழு மணிக்கு வேனில் புறப்பட்டோம். கெர்லிங்கைக் கடந்து கோல குபு பாருவை அடைந்தபோது மாமா ஒரு பழைய கதையைச் சொன்னார். இப்போது நாம் காணும் கோல குபு பாரு, 1930களின் தொடக்கத்தில் உருவான புதிய நகரம். பழைய கோல குபு வேறோர் இடத்தில் இருந்தது. 1883ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அங்கிருந்த பழைய அணை உடைந்து, வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. அப்போதைய மாவட்ட அதிகாரியும் அந்த வெள்ளத்தில் உயிரிழந்தார். அதன் பின்னரும் மணலும் சேறும் வெள்ளமும் ஊரைத் தொடர்ந்து துன்புறுத்தின. இறுதியில், ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

“தண்ணீருக்கு வழிவிட்டு ஊரே நகர்ந்திருக்கிறது. நாம் நகர்ந்தால் குறைந்தா போய்விடுவோம்?” என்று மாமா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அன்று பிற்பகலில் அந்தச் சொற்களை நினைக்க வேண்டி வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

பிரேசர் மலைக்குச் செல்லும் வளைவுப் பாதையில் சிறிது தூரம் போன பிறகு, வேனைவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கினோம். காட்டுப் பாதை ஆற்றை ஒட்டியே சென்றது. ஓரிடத்தில் கரை செங்குத்தாகிப் பாதை முடிந்துவிடும். அங்கே ஆற்றில் இறங்கி, எதிர்க்கரைக்குப் போய், மீண்டும் நடக்க வேண்டும். இப்படி ஆறு முறை கடந்தோம். நீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. கற்கள் வழுக்கின. காலணியைக் கழற்றக் கூடாது, ஒருவர் கையை மற்றவர் பிடித்துக்கொள்ள வேண்டும், நீர் வரும் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் அடியெடுத்து வைக்க வேண்டும் என்று மாமா சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு முறை கரையேறியதும் எங்களை எண்ணினார். பிறகு, “இதுவரை எத்தனை முறை கடந்தோம்?” என்று கேட்டார்.

ஆறாவது முறை நாங்கள் விடை சொன்னபோது, “போகும்போது ஆறு என்றால் திரும்பும்போதும் ஆறு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு குளியுங்கள்” என்றார்.

சுண்ணாம்புக் கோடு

பத்து மணியளவில் அருவியின் முன் நின்றோம். ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளைத் துணியை உதறியதுபோல் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் சாரல் தொலைவிலேயே முகத்தை நனைத்தது. கீழே பச்சை நிறத்தில் ஒரு தடாகம். கரையோரத் தெளிந்த நீரில் கெலா மீன்கள் கூட்டமாகத் திரிந்தன. நாங்கள் உடனே நீரில் இறங்கிவிட்டோம். பள்ளி நீச்சல் போட்டியில் பரிசு பெற்ற நண்பன் தடாகத்தின் இக்கரைக்கும் அக்கரைக்குமாக நீந்தினான். எனக்கு அவ்வளவாக நீந்தத் தெரியாது. இடுப்பளவு நீரிலேயே நின்றுகொண்டேன்.

மாமா நீரில் இறங்கவில்லை. கரையில் அமர்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிய விரலால், பக்கத்துப் பாறையிலும் ஒரு கோடு இழுத்தார். நீர் தொட்டுக்கொண்டிருந்த விளிம்புக்கு ஒரு விரல் மேலே அந்த வெள்ளைக் கோடு இருந்தது. அது எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

நண்பகல் கடந்து சற்று நேரம் ஆகியிருக்கும். “எல்லாரும் மேலே வாருங்கள்!” என்று மாமா எழுந்து நின்று குரல் கொடுத்தார். சுண்ணாம்புக் கோட்டைக் காணவில்லை. நீர் அதை மூடியிருந்தது. சற்றுமுன் கண்ணாடிபோல் இருந்த தடாகத்தின் ஓரத்தில் காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன.

நீச்சல் வீரனான நண்பனுக்கு மனமில்லை. “மாமா, மேலே பாருங்கள், வானம் நீலமாகத்தானே இருக்கிறது! ஒரு விரல் அளவு தண்ணீர் ஏறியதற்கா பயப்படுவது?” என்றான்.

“தம்பி, இங்கே வானம் நீலம்தான். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ, அங்கே வானம் என்ன நிறம் என்று உனக்குத் தெரியுமா?” என்று மாமா கேட்டார்.

அவனிடம் விடை இல்லை. முணுமுணுத்துக்கொண்டே கரையேறினான். உணவுப் பொட்டலங்களைக்கூடப் பிரிக்காமல் திரும்பி நடந்தோம்.

ஆறாவது கடவு

முதல் இரண்டு கடவுகளில் நீர் முழங்காலைத் தொட்டது. நான்காவதில் தொடைவரை ஏறியது. ஐந்தாவதில் தெளிந்த நீர் தேநீர் நிறமாக மாறியிருந்தது. கைகளைக் கோத்துக்கொண்டுதான் கடந்தோம். ஆறாவது கடவுக்கு வந்தபோது, காலையில் நாங்கள் மிதித்து வந்த கற்களில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆறு இரைந்துகொண்டு ஓடியது.

“இங்கே கடக்க வேண்டாம். மேட்டில் ஏறி உட்காருங்கள்” என்றார் மாமா.

நீச்சல் வீரனுக்குப் பொறுமை இல்லை. அவன் எண்ணெய் நிலையத்தில் மாலை வேலை பார்த்துவந்தான். ஆறு மணிக்குள் அங்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அந்தப் பணம் அவன் வீட்டுச் செலவுக்குத் தேவைப்பட்டது. “பத்து அடி தூரம்தான், மாமா. நான் நீந்திவிடுவேன்” என்று வாதிட்டான்.

“நீ நீந்துவாய். நீ இறங்கினால், உன்னைப் பார்த்து இன்னொருவனும் இறங்குவான். அவன் நீந்துவானா?”

அந்த ‘இன்னொருவன்’ நான்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். நண்பன் என்னைப் பார்த்தான். பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மேட்டில் போய் உட்கார்ந்தான்.

சிறிது நேரத்தில் மேலிருந்து ஓர் இரைச்சல் கேட்டது. லாரி ஒன்று மலையிலிருந்து இறங்கி வருவதுபோல் இருந்தது. செம்மண் நிற நீர் மரக்கிளைகளைச் சுமந்துகொண்டு பாய்ந்து வந்தது. வேரோடு பெயர்ந்த ஒரு மரம், நாங்கள் கடக்கவிருந்த அதே இடத்தில் பாறையில் மோதி, இரண்டாக உடைந்து, அடித்துச் செல்லப்பட்டது. யாரும் பேசவில்லை. அதன் பிறகுதான் எங்கள் தலைமேல் மழை பெய்யத் தொடங்கியது.

மூன்று மணி நேரம் அந்த மேட்டிலேயே நனைந்தபடி இருந்தோம். குளிரில் பற்கள் தந்தியடித்தன. மாலையில் ஆற்றின் நடுவே ஒரு கல் மெல்லத் தலைகாட்டியது. பிறகு இன்னொன்று. நீர் தொடைக்குக் கீழே இறங்கிய பிறகே மாமா எங்களைக் கடக்க விட்டார். வீடு சேர இரவாகிவிட்டது. அப்போது எங்களிடம் கைப்பேசி இல்லை. அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் திட்டவில்லை. துண்டை எடுத்துவந்து தலையைத் துவட்டினார்.

நண்பனுக்கு அன்றைய சம்பளம் கிடைக்கவில்லை. சில நாள் அவன் எங்களோடு சரியாகப் பேசவும் இல்லை. பிறகு ஒரு நாள் அவனாகவே வந்து, “அந்த மரம் உடைந்த சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறதடா” என்றான்.

நீரின் தலை

அன்று நடந்தது என்ன? மலையாறு என்பது நாம் நிற்கும் இடத்தில் தொடங்குவதில்லை. அதற்கு மேலே பல சரிவுகளிலும் ஓடைகளிலும் விழும் மழைநீர் ஒன்றுசேர்ந்தே ஆறாகிறது. இந்தப் பரப்பை நீர்ப்பிடிப்புப் பகுதி என்பர். முகட்டுக்கு அப்பால் கனமழை பெய்தால், செங்குத்தான சரிவுகளில் நீர் விரைந்து இறங்கும். அருவியின் அடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து சேரலாம். சில வேளைகளில் விழுந்த மரங்களும் கிளைகளும் ஓடையை அடைத்துக்கொள்ளும். அதன் பின்னால் நீர் தேங்கும். அந்த அடைப்பு திடீரென உடைந்தால், தேங்கிய நீர் முழுவதும் ஒரே சுவராகப் பாய்ந்து வரும். மலாய்மொழியில் இதைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். ‘நீரின் தலை’ என்பது இதன் பொருள்.

இந்த நீரின் வலிமையைக் குறைவாக மதிப்பிடக் கூடாது. ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோகிராம். நீரோட்டத்தின் வேகம் இருமடங்கானால், அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். அதனால்தான் முழங்காலளவு நீர்கூட, வேகமாக ஓடும்போது வளர்ந்த மனிதரைச் சாய்த்துவிடுகிறது. நீச்சல் குளத்தில் பெற்ற பரிசு அங்கே உதவாது.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், கெடா மாநிலத்தின் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய இத்தகைய வெள்ளம் யான் மாவட்டத்தைத் தாக்கியது. அதில் ஆறு பேர் உயிரிழந்தனர்.

அங்கே பருவம், இங்கே பிற்பகல்

அருவி என்றதும் தமிழர் பலருக்கு நினைவுக்கு வருவது தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத்திலுள்ள குற்றாலம். சிற்றாற்றின் நீர் அங்கே பேரருவியாக விழுகிறது. உயரத்திலிருந்து விழும் நீர் இடையில் ‘பொங்குமாங்கடல்’ என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகே குளிப்பவர்மேல் கொட்டுகிறது. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் அங்கே சாரல் காலம் தொடங்கும். குளிர்ந்த காற்றும் தூறலுமாக ஆகஸ்டு, செப்டம்பர் வரை அது நீடிக்கும். நீர்வரத்து மிகுந்து பாதுகாப்பு வளைவுக்கு மேல் கொட்டினால், குளிக்கத் தடை விதிக்கப்படும்.

அப்படிப்பட்ட இடத்திலும் இயற்கை முன்னறிவிப்பின்றி மாறக்கூடும். 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், வழக்கமான சாரல் காலம் தொடங்கும் முன்பே, பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஏற்பட்டது. அதில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

குற்றாலத்து அருவிகளுக்கு ஆண்டில் ஒரு பருவம் உண்டு. நம் மலைகளின் அருவிகளோ பெரும்பாலும் ஆண்டு முழுவதும் ஓடுகின்றன. இங்கே பருவம் மாதத்தில் மட்டுமன்று, ஒரே நாளுக்குள்ளும் மாறுகிறது. காலை வெயிலில் நிலம் சூடேறும். ஈரக்காற்று மலைச்சரிவில் மேலெழுந்து குளிர்ந்து மேகமாகும். பிற்பகலில் அதுவே இடியுடன் கூடிய மழையாகக் கொட்டும். குறிப்பாக, இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்குக்கரை மாநிலங்களில் இத்தகைய மழை மிகுதி. ஆகவே, காலையில் நாம் கண்ட ஆறும் பிற்பகலில் காணும் ஆறும் ஒன்றல்ல.

புறப்படும் முன்

மாணவர்களே, அருவிக்குப் போகவே கூடாது என்பது இப்பாடத்தின் கருத்தன்று. மலையேற்றம் உடலுக்கு வலிமை தரும், நட்பை வளர்க்கும், காட்டை நேசிக்கக் கற்றுத்தரும். ஆனால், போகும் முறை ஒன்று உண்டு.

முதலில், அந்த இடம் திறந்திருக்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். வனக் காப்பகங்களுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி தேவை. சிலிங் ஆறு இன்று கெலா மீன்களுக்கான காப்பகமாகவும் விளங்குகிறது. அங்கே மீன்பிடிக்கக் கூடாது. அபாயம் கருதி ஓரிடம் மூடப்பட்டிருந்தால், வேலியைத் தாண்டிப் போவது வீரமாகாது. மலேசிய வானிலை ஆய்வுத்துறையின் ‘மைசுவாச்சா’ செயலியில் மழை எச்சரிக்கைகளைப் பாருங்கள். பாதையை அறிந்த பெரியவர் ஒருவர் உடன் வர வேண்டும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிடுங்கள். மலைக்குள் கைப்பேசித் தொடர்பு கிடைக்காமல் போகலாம்.

காலையில் போய், நண்பகலுக்குள் திரும்பத் தொடங்குங்கள். நீந்தத் தெரிந்தவரும் மிதவைச் சட்டை அணிவது நல்லது. அருவி நேராக விழும் இடத்திற்கு அருகில் போகாதீர்கள். அங்கே நீரில் காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பதால் உடல் எளிதில் மிதக்காது. பாறைமேலிருந்து குதிக்காதீர்கள், நேற்று இல்லாத மரக்கட்டை இன்று அடியில் கிடக்கலாம். உடலில் ஆறாத புண் இருந்தால் நீரில் இறங்க வேண்டா. எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியே உடலுக்குள் புகக்கூடும்.

நீர் கலங்கினாலும், இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தாலும், மேலிருந்து இரைச்சல் கேட்டாலும் உடனே மேட்டுக்கு ஏறுங்கள். நீர் திடீரெனக் குறைந்தாலும் ஐயப்படுங்கள். மேலே ஓடை அடைபட்டிருக்கலாம். பையை எடுக்கத் திரும்பாதீர்கள். ஆறு பெருகியிருந்தால் கடக்காமல் காத்திருங்கள். உதவி தேவைப்பட்டால் 999 எண்ணை அழையுங்கள்.

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். மலையாற்றில் ஆழம் ஓரிடத்தில் நிற்பதில்லை. காலையில் முழங்காலளவு, மாலையில் ஆளுயரம். எனவே, ஒருமுறை அறிந்தால் போதாது. அறிந்துகொண்டே இருக்க வேண்டும். மாமாவின் சுண்ணாம்புக் கோடு அதைத்தான் செய்தது.

சிலிங் ஆற்றின் நீர் சிலாங்கூர் ஆற்றில் கலக்கிறது. அந்த ஆறு பல இலட்சம் வீடுகளுக்குக் குடிநீராகிறது; கோல சிலாங்கூர் அருகே மின்மினிகள் ஒளிரும் கரைகளைத் தொட்டுக்கொண்டு கடலில் சேர்கிறது. எங்கள் ஊருக்கு வடக்கே ஓடும் பெர்ணம் ஆறோ தஞ்சோங் காராங், செகிஞ்சான் வட்டார நெல்வயல்களுக்குப் பாய்கிறது. மலையில் நாம் விட்டுவரும் ஒரு நெகிழிப் பை இந்த வழியெல்லாம் பயணம் செய்யும். மலையிலிருந்து நாம் எடுத்துவர வேண்டியவை நம் குப்பையும் நம்மோடு வந்த அத்தனை பேரும்.

அந்த நண்பன் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை. விடுமுறையில் அவர்களை ஆற்றுக்கு அழைத்துச் செல்வான். போனதும் முதல் வேலையாகக் கரையோரப் பாறையில் சாக்கட்டியால் ஒரு கோடு இழுப்பான். “எதற்கு அப்பா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். நாங்கள் மாமாவிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது.

அருஞ்சொற்கள்

கடவு – ஆற்றைக் கடக்கும் இடம்
தடாகம் – நீர்நிலை, குளம்
சாரல் – காற்றில் பரவி விழும் நீர்த்துளி, மென்மழை
முகடு – மலையின் உச்சி விளிம்பு
விசை – ஒரு பொருளைத் தள்ளும் அல்லது இழுக்கும் ஆற்றல்

கேள்விகள்

1. மழையைக் கணிப்பது மாமாவுக்குப் பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு என்று கூறப்படுவது ஏன்?
2. “போகும்போது ஆறு என்றால் திரும்பும்போதும் ஆறு” என்று மாமா கூறியதன் உட்கருத்து யாது?
3. வானம் நீலமாக இருக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வருவதற்கான காரணத்தை உன் சொந்தச் சொற்களில் விளக்குக.
4. நண்பன் ஆற்றைக் கடக்க விரும்பியதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. அவன் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? காரணத்துடன் எழுதுக.
5. குற்றாலத்து அருவிகளுக்கும் நம் நாட்டு மலையருவிகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒப்பிட்டு எழுதுக.